மானியம் வாங்காத பொருட்காட்சி

நேயர்களுக்கு வணக்கம். அமெரிக்காவில் மாநிலப் பொருட்காட்சி என்பது கால்நடைப் போட்டி, விளைபொருள் கண்காட்சி, இராட்டினத் திடல், இசைமேடை, தின்பண்டக் கடைகள் எல்லாம் ஒரே வளாகத்தில் ஆண்டுக்கு ஒருமுறை கூடும் பெருவிழா. அதை நடத்தும் செலவை வரிப்பணம் ஏற்க வேண்டுமா, வருகிறவர்கள் தரும் காசிலேயே அது நடந்தாக வேண்டுமா என்பது அங்கே நெடுநாளைய வழக்கு. பேரேரிகளை ஒட்டிய இரண்டு மாநிலங்கள் இதற்கு நேர்மாறான விடைகளைக் கண்டிருக்கின்றன.

மிச்சிகன் பொருட்காட்சி 1849இல் தொடங்கி, 1905 முதல் டெட்ராய்ட் நகரின் வடக்கு எல்லையில் நிலையான திடலில் நடந்துவந்தது. கூட்டம் குறைந்து, வரவு செலவுக்கு எட்டாமல் போனபோது பற்றாக்குறையை அரசு ஈடுகட்டியது. ஜெனரல் மோட்டார்ஸும் கிரைஸ்லரும் திவால் மனு கொடுத்த 2009இல், அரசின் கருவூலமே வற்றிப்போன நிலையில், ஆளுநர் ஜெனிஃபர் கிரான்ஹோம் அந்த நிதியை நிறுத்தினார். (அங்கே ஆளுநர் என்பவர் மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் ஆட்சித் தலைவர்.) பள்ளிக்கும் மருத்துவத்துக்கும் பணம் போதாத ஆண்டில் இராட்டினத்துக்குப் பரிந்துபேச ஆள் கிடைப்பது அரிது, அதனால் அந்த முடிவை நான் குறை சொல்லமாட்டேன்.

மின்னசோட்டா பொருட்காட்சியோ 1949க்குப் பிறகு அரசு நிதி ஒதுக்கீடு எதையும் பெற்றதில்லை. மாநில வேளாண் சங்கம் என்ற, சட்டப்படி அரசைச் சார்ந்த, ஆனால் தன் கணக்கைத் தானே வைத்துக்கொள்ளும் அமைப்பு அதை நடத்துகிறது. ஆகஸ்ட் கடைசியில் தொடங்கி, செப்டம்பர் முதல் திங்களன்று வரும் தொழிலாளர் தினம்வரை 12 நாள்கள். 2019இல் வருகை 21 லட்சத்தைத் தாண்டியது. நுழைவுச்சீட்டு, இராட்டினங்கள், இசை நிகழ்ச்சிகள் ஆகியவற்றோடு, குச்சியில் செருகி விற்கும் தின்பண்டம்வரை ஒவ்வொரு கடைக்காரரின் விற்பனையிலும் சங்கத்துக்கு ஒரு பங்கு உண்டு. மிஞ்சுவது அரசுக் கருவூலத்துக்குப் போகாமல் கூரைக்கும் சாக்கடைக்கும் மாட்டுக் கொட்டகைக்கும் திரும்பிவிடுகிறது. கட்டடச் செலவுக்கு நன்கொடை திரட்ட 2002இல் தனி அறக்கட்டளையும் ஏற்பட்டது.

இதைக் கேட்டதும், திறமையாக நடத்தினால் மானியமே தேவையில்லை என்று முடிவுகட்டத் தோன்றும். நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன். மின்னசோட்டா திடலின் மூலநிலம், 1885இல் ராம்சி கவுண்டி (நம் மாவட்டம் போன்ற உள்ளாட்சிப் பிரிவு) கொடுத்த 210 ஏக்கர். அதற்கு முன் அது ஆதரவற்ற ஏழைகளைத் தங்கவைத்து நடத்திய பண்ணை. நகரங்களுக்கு நடுவே அத்தனை ஏக்கரை விலை கொடுத்து வாங்கி, கடனுக்கு வட்டியும் கட்டியபடி 12 நாள் வரவில் பிழைக்கச் சொன்னால் எந்தச் சங்கமும் தாங்காது. ஆண்டு மானியம் நின்றது உண்மை. பொதுமக்களின் பங்கு மண்ணாக அங்கேயே கிடக்கிறது என்பதும் உண்மை.

தற்சார்புக்கு இன்னொரு பக்கமும் உண்டு. ஆண்டு வரவின் பெரும்பகுதி 12 நாளில் வந்தாக வேண்டும் என்பதால், வார இறுதியில் கொட்டும் ஒரு மழைகூடக் கணக்கைக் கலைத்துவிடும். 2020இல் கொரோனாவால் விழாவே நடக்கவில்லை. ஆனால் கட்டடம் ஒழுகுவது நிற்பதில்லை. அந்த ஆண்டு, மக்கள் காரைவிட்டு இறங்காமலேயே திடலைச் சுற்றிவந்து தின்பண்டம் வாங்கிப்போகும் ஊர்வலம் ஒன்றை ஏற்பாடு செய்தார்கள். இடிந்துபோன வரவை அது நிமிர்த்தியிருக்க முடியாது. ஆனாலும் திடல் கையில் இருந்ததால்தான் 2021இல் மறுபடி கடைவிரிக்க முடிந்தது.

மிச்சிகனில் 2012 முதல் மாநிலப் பொருட்காட்சி தனியார் முயற்சியாக, நோவை என்ற புறநகரில் ஒரு கண்காட்சி மையத்தில் நடக்கிறது. டெட்ராய்டின் பழைய திடலில் இப்போது அமேசானின் சரக்குக் கிடங்கு நிற்கிறது.