நஷ்டத்தில் ஓடும் பிரபல டெக் கம்பெனி: ஷேர் வாங்கலாமா?

[திரையில்: ஒரு ஷேரின் விலைக்கோடு, மேலும் கீழுமாக]

எல்லோர் போனிலும் இருக்கிற ஒரு ஆப். அதை நடத்துகிற கம்பெனி இப்போது பங்குச் சந்தைக்கு வருகிறது, செய்தியைத் திறந்தால் அதன் பெயர்தான், ஆனால் கணக்கைப் பார்த்தால் தொடங்கிய நாளிலிருந்து ஒரு வருடம்கூட லாபம் இல்லை. வாங்கலாமா?

இந்தக் கேள்வியை எழுப்பினால் போதும், யாராவது ஒருவர் அமேசானை இழுத்து வருவார். "அதுவும் நஷ்டத்தில் ஓடிய கம்பெனிதானே!" உண்மைதான். 1997-இல் பங்கு வெளியிட்ட அமேசான், முழு ஆண்டு லாபம் பார்த்தது 2003-இல். ஆனால் நடுவில் அந்தப் பங்கு உச்சத்திலிருந்து 90 சதவீதத்துக்கு மேல் விழுந்ததை அவர் சொல்ல மாட்டார். செல்லப்பிராணிப் பொருட்களை ஆன்லைனில் விற்ற பெட்ஸ் டாட் காம், 2000 பிப்ரவரியில் பங்கு வெளியிட்டுவிட்டு அதே ஆண்டு நவம்பரில் மூட முடிவெடுத்ததையும் சொல்ல மாட்டார்.

இரண்டும் நஷ்டம்தான், ஆனால் ஒரே மாதிரி நஷ்டம் இல்லை. அமேசானில் வாடிக்கையாளர் பணம் உடனே வந்துவிடும், சப்ளையருக்குக் கொடுப்பது பிறகு, அதனால் விற்பனை வளர வளர கையில் பணம் புரண்டது. பெட்ஸ் டாட் காம் பல பொருட்களை வாங்கிய விலைக்கும் கீழே விற்று, கனமான தீவன மூட்டைகளை அனுப்பும் செலவையும் சுமந்தது. ஒரு ஆர்டருக்கே கையைக் கடித்தால், பத்து லட்சம் ஆர்டர் வந்தால் என்ன ஆகும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஆகவே முதலில் தேட வேண்டியது இதுதான்: ஒரு ஆர்டரில், அல்லது ஒரு சந்தாதாரரிடம், நேரடிச் செலவு போக ஏதாவது மிஞ்சுகிறதா? பங்கு வெளியிடும் கம்பெனி தரும் ஆவணத்தில் இதற்கான எண்கள் பெரும்பாலும் கிடைக்கும். நீளமானது, தூக்கம் வரும், ஆனாலும் திறந்து பாருங்கள்.

[திரையில்: மைனஸ் 93 கோடி, பக்கத்தில் பிளஸ் 23 கோடி]

கம்பெனி தானே சரிசெய்து காட்டும் லாபத்தை மட்டும் நம்பாதீர்கள். அலுவலக இடங்களை வாடகைக்கு விடும் வீவொர்க் 2017-இல் அடைந்த நஷ்டம் சுமார் 93 கோடி டாலர். ஆனால் முதலீட்டாளர்களுக்குக் காட்டிய ஒரு கணக்கில் 23 கோடி டாலர் பிளஸ்! எப்படி? வட்டி, வரி, தேய்மானத்தைக் கழிக்காமல் காட்டுவது பல கம்பெனிகளின் வழக்கம்; இவர்கள் அதோடு நிற்காமல் விளம்பரம், நிர்வாகம், வடிவமைப்புச் செலவுகளையும் தூக்கி ஓரமாக வைத்துவிட்டார்கள். எனக்கும் செலவையெல்லாம் கழிக்காமல் விட்டால் மாதாமாதம் சேமிப்புதான். 2019 ஜனவரியில் 4,700 கோடி டாலர் மதிப்பு போடப்பட்ட அந்தக் கம்பெனி, 2023 நவம்பரில் திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போனது.

அடுத்து, பணம் எத்தனை நாள் தாங்கும். கையில் 90 கோடி டாலர், காலாண்டுக்கு 15 கோடி கரைகிறது என்றால் ஒன்றரை வருடம். அதற்குள் லாபம் வராவிட்டால் கடன் வாங்குவார்கள், இல்லையென்றால் புதுப் பங்குகளை வெளியிடுவார்கள், அப்போது கம்பெனியில் உங்களுக்குச் சொந்தமான விகிதம் சிறுத்துவிடும். ஊழியர்களுக்குச் சம்பளத்தோடு ஷேராகக் கொடுப்பதும் இதே வேலையைத்தான் சத்தமில்லாமல் செய்கிறது.

சரி, இதெல்லாம் நன்றாகவே இருக்கிறது என்று வையுங்கள். விலை? இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். கம்பெனியின் மொத்தச் சந்தை மதிப்பு ஆண்டு விற்பனையைப் போல 20 மடங்கு என்று ஒரு உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வோம். ஒரு நாள் அது முதிர்ந்து விற்பனையில் 20 சதவீதம் லாபம் பார்க்கிறது, சந்தையும் அந்த லாபத்துக்கு 20 மடங்கு விலை தருகிறது என்றால், மதிப்பு விற்பனையைப் போல 4 மடங்கு. அதாவது விற்பனை ஐந்து மடங்கு வளர்ந்த பிறகும் கம்பெனியின் மதிப்பு இன்று இருப்பதேதான். அதற்கு ஐந்து வருடமோ எட்டு வருடமோ ஆகலாம், அத்தனை வருடமும் காத்திருந்து கிடைத்தது பூஜ்யம்!

[திரையில்: 17 → 24.48 → ?]

முதல் நாளே வாங்கியாக வேண்டும் என்ற அவசரமும் வேண்டாம். ஸ்னாப்சாட்டை நடத்தும் ஸ்னாப், 2017 மார்ச்சில் 17 டாலருக்குப் பங்கு வெளியிட்டது. லாபமே வராமல் போகலாம் என்று தன் ஆவணத்திலேயே எழுதியிருந்தது, பொதுமக்கள் வாங்கிய பங்குக்கு ஓட்டுரிமைகூடக் கிடையாது, ஆனாலும் முதல் நாள் 24.48 டாலரில் முடிந்தது. ஜூலையிலேயே 17-க்குக் கீழே.

அமெரிக்கச் சந்தையில் நிறுவனர்களும் ஆரம்பகால முதலீட்டாளர்களும் பொதுவாக ஆறு மாதம்வரை பங்கை விற்க முடியாது. அந்தத் தடை எப்போது முடிகிறது என்பது அதே ஆவணத்தில் இருக்கும். அதற்குள் ஒன்றிரண்டு காலாண்டு முடிவுகள் வந்துவிடும், ஒரு ஆர்டருக்கு மிஞ்சுவது கூடுகிறதா என்று அதில் பாருங்கள். கூடவில்லை என்றால் நான் தொட மாட்டேன், எவ்வளவு பிரபலமான ஆப்பாக இருந்தாலும்.