கடற்கரைப் பக்கம் ஒரு மேசை, ஒரு காப்பி

வணக்கம். வானொலி நிலையத்திலிருந்து கூப்பிட்டு, "உங்களை மாதிரி தனியாக உட்கார்ந்து படம் வரைகிறவர்கள், எழுதுகிறவர்கள், வீடியோ வெட்டுகிறவர்கள் நம் பக்கம் எந்தக் காப்பிக் கடைக்குப் போகிறார்கள் என்று பேசுங்களேன்" என்றார்கள். உடனே சரி என்றேன். என் வேலையில் பாதி வீட்டு மேசையில் நடக்கிறது, மீதிப் பாதி இந்தக் கடைகளில்தான் நடக்கிறது. நான் லேபிள் வரைகிறவள். கருப்பட்டி, கருவாடு, கடலை மிட்டாய் என்று நம் ஊர்ச் சரக்கு எந்தப் பையில், எந்த டப்பாவில் போனாலும் அதன் மேல் ஒட்டுகிற படமும் எழுத்தும் யாராவது ஒருவர் உட்கார்ந்து செய்ததுதான். அந்த மாதிரி ஆட்கள் ராமேசுவரம் முதல் சாயல்குடி வரை நிறையப் பேர் இருக்கிறோம். கல்யாண ஆல்பம் போடுகிறவர்கள், படகில் பெயர் எழுதுகிறவர்கள், சங்கில் வேலை செய்கிறவர்கள், கடலுக்குப் போய்க்கொண்டே யூடியூப் சேனல் நடத்துகிற தம்பிகள், எல்லாரையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

சென்னையில் மூன்று வருடம் இருந்தபோது நானும் ஏ.சி. போட்ட கடைகளில் உட்கார்ந்து வேலை பார்த்தவள்தான். நல்ல நாற்காலி, பிளக் பாயிண்ட், வைஃபை எல்லாம் உண்டு, குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் மூன்று வருடத்தில் பக்கத்து மேசைக்காரர் ஒருத்தர்கூட என் திரையைப் பார்த்து ஒரு வார்த்தை கேட்டதில்லை. 2020-இல் உச்சிப்புளிக்குத் திரும்பி வந்த பிறகுதான் காப்பிக் கடையில் வேலை பார்ப்பதென்றால் என்ன என்று எனக்குத் தெரிந்தது. இங்கே நீங்கள் ஒரு படத்தைத் திறந்து வைத்தால் கடையே எட்டிப் பார்க்கும். என்னதும்மா இது, எதுக்கு இந்தக் கலரு, இந்த எழுத்து ஏன் சாய்ஞ்சு கிடக்கு என்று கேட்டுவிடுவார்கள். ஆரம்பத்தில் எரிச்சலாக இருந்தது. இப்போது அதற்காகவேதான் போகிறேன்.

கடைப் பெயர்களைச் சொல்லவில்லையே என்று நினைக்காதீர்கள். பாதிக் கடைகளுக்குப் பெயர்ப்பலகையே கிடையாது, புளியமரத்துக் கடை, பாலத்தடிக் கடை என்றுதான் நாம் சொல்வோம். அதனால் இடத்தையும் நேரத்தையும் சொல்கிறேன், நீங்களே கண்டுபிடித்துவிடலாம்.

முதலில் மண்டபம் என்கிற கடற்கரை ஊர். மீன் இறங்குகிற இடத்துக்குப் பக்கத்துக் கடைகள் விடியற்காலையிலேயே திறந்துவிடும். விசைப்படகுகள் வாரத்தில் மூன்று நாள்தான் கடலுக்குப் போகும், மற்ற நாள் நாட்டுப்படகுகளுக்கு. படகு கரைக்கு வருகிற காலையில் அங்கே நிற்கவே இடம் இருக்காது, லேப்டாப்போடு போகவே கூடாது. ஆனால் ஒரு சின்ன நோட்டும் பென்சிலும் கொண்டு போங்கள். பெட்ரோமாக்ஸ் வெளிச்சம் போய் எல்.ஈ.டி. வந்துவிட்டாலும், ஐஸ் பெட்டி மேல் விழுகிற அந்த வெளிச்சம், வலையைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்கிறவரின் நிழல், இதையெல்லாம் போட்டோவில் பார்த்து வரைந்தால் கையில் வராது. நான் கருவாட்டு லேபிளுக்கு வரைந்த நெத்திலியும் சாளையும் அந்த பெஞ்சில் வரைந்தவைதான். மீனைக் கையில் எடுத்து, வயிற்றுப் பக்கம் வெள்ளி எங்கே முடிகிறது, முதுகு நீலம் எங்கே ஆரம்பிக்கிறது என்று ஒரு அக்கா காட்டிக் கொடுத்தார், அவருக்கு அன்றைக்கு ஏலம் முடிகிற அவசரம் இருந்தும்.

இங்கே காப்பியைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும், அது தண்ணீர். நம் கடலோரத்தில் ஊற்றுத் தண்ணீர் பல இடத்தில் உவர்ப்பு, அதில் டிகாக்‌ஷன் போட்டால் எவ்வளவு நல்ல பொடியானாலும் சப்பென்று ஒரு சுவை வந்துவிடும், கூடவே பால் வேறு திரிகிற மாதிரி பயம் காட்டும். நல்ல காப்பி கொடுக்கிற கடைக்காரர் யாரென்று பார்த்தால் அவர் காவிரித் தண்ணீரைத் தனிக் குடத்தில் பிடித்து மூடி வைத்திருப்பார், கிளாஸ் கழுவ வேறு தண்ணீர். நம் ஊர்ப் பெண்கள் நாலு சக்கரத் தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கித் தள்ளிக்கொண்டு போகிறார்களே, அந்தத் தண்ணீர்தான் ஒரு டம்ளர் காப்பியாக நம் முன்னால் வருகிறது. அதனால் காப்பியில் பாதியை மீதம் வைத்துவிட்டு எழுந்து போகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்காது.

அடுத்தது சாயல்குடிப் பக்கம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் கீழக்கரை, ஏர்வாடி தாண்டிப் போனால் இரண்டு பக்கமும் பனைதான். பங்குனி தொடங்கி ஆடி வரை பதநீர்க் காலம், அப்போது போனால் சாலையோரக் கொட்டகைகளில் கருப்பட்டிக் காப்பி கிடைக்கும். நல்ல கடையில் கருப்பட்டியைத் தண்ணீரில் தட்டிப் போட்டுக் கரைய விட்டு, வடிகட்டி, அதில்தான் சுக்கும் காப்பித் தூளும் போடுவார்கள். பால் வேண்டுமென்றால் கடைசியில் இறக்கிய பிறகுதான் சேர்ப்பார்கள், கருப்பட்டியோடு பாலைக் கொதிக்க விட்டால் திரிந்துபோகும். பால் இல்லாமல் குடிப்பதுதான் எனக்குப் பிடிக்கும். முதல் மடக்கில் புகை வாசம், தொண்டையில் சுக்கு, கடைசியில் நாக்கில் லேசான உப்பு.

அந்தக் கடை ஒன்றில் நடந்ததைச் சொல்கிறேன், இந்தப் பேச்சுக்கு நான் ஒத்துக்கொண்டதே அதைச் சொல்லத்தான். கருப்பட்டி விற்கிற ஒரு அண்ணனுக்கு லேபிள் போட்டிருந்தேன். இரண்டாயிரம் லேபிள், மறுநாள் காலை அச்சுக்குப் போகிறது. நல்ல பனைமரம், விசிறி மாதிரி ஓலை, கொத்தாக நுங்குக் குலை, அதன் அடியில் அழகாக ஒரு மண் கலயம். எனக்கே ரொம்பப் பிடித்திருந்தது. வழியில் காப்பிக்கு நிறுத்தி, கடைசியாக ஒரு தடவை எழுத்தைச் சரிபார்க்கலாம் என்று திரையைத் திறந்தேன். பக்கத்தில் ஒரு பெரியவர், நெஞ்சிலும் முழங்கையிலும் காய்ப்புக் காய்ச்சின பனையேறி, கிளாஸை வைத்துவிட்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

"ஏந்தாயி, இதுல கலயம் எங்க தொங்குது?"

"பாளையில ஐயா."

"பாளையிலயா? நீ நுங்குக் குலையில்ல போட்டிருக்க. நுங்கு வச்சுப்புட்டா அதுல எங்கிட்டுப் பதனி இறங்கும்?"

அவ்வளவுதான், எனக்கு வார்த்தையே வரவில்லை. அவர் கிளாஸின் அடியில் தகர மேசையில் படிந்திருந்த காப்பி வட்டத்தில் விரலைத் தொட்டு, அந்த மேசையிலேயே வரைந்து காட்டினார். ஆண் பனையில் பாளை விரல் விரலாக நீண்டு வரும், அதைச் சேர்த்துக் கட்டி, இடுக்கியால் நசுக்கி, நுனியைச் சீவிச் சீவி விட்டால்தான் பதநீர் சொட்டும். பெண் பனையிலும் இறக்கலாம், ஆனால் காயாக முற்றுவதற்கு முன்னால் பிஞ்சுப் பாளையைப் பிடிக்க வேண்டும், நுங்குக்கு விட்ட பாளை நுங்குக்குத்தான். கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவியிருக்க வேண்டும், இல்லையென்றால் அது பதநீர் இல்லை, கள். விளிம்பில் அந்த வெள்ளைக் கோடு தெரியணும் என்று சொன்னார். நானும் எத்தனையோ தடவை பதநீர் குடித்தவள்தான், அந்த வெள்ளையைப் பார்த்தவள்தான், ஆனால் வரையும்போது இணையத்தில் கிடைத்த படத்தைத்தான் பார்த்திருக்கிறேன்.

அங்கேயே உட்கார்ந்து மாற்றினேன். இரண்டரை மணி நேரம், மூன்று காப்பி. நுங்குக் குலை போயிற்று, சீவிய பாளை வந்தது, கலயத்தின் விளிம்பில் மெல்லிய சுண்ணாம்புக் கோடு வந்தது. சென்னைக் கடையில் உட்கார்ந்திருந்தால் அந்த இரண்டாயிரம் லேபிளும் தப்பாகவே அச்சாகிப் போயிருக்கும், பனை தெரிந்த ஒவ்வொரு வீட்டிலும் அதைப் பார்த்துச் சரக்கின் மேலேயே சந்தேகப்பட்டிருப்பார்கள். ஏற்கெனவே சீனி கலந்த கருப்பட்டி சந்தையில் நிறைய ஓடுகிறது, நல்லது செய்கிறவர்களுக்கு நம்பிக்கைதான் மூலதனம், அதை என் படம் கெடுத்திருக்கும்.

கீழக்கரையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மாலை நேரத்துக்கு அந்த ஊர்தான். ஒரு டம்ளர் காப்பியும் ஒரு துண்டு தொதலும் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தால், தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் சேர்ந்த அந்த மினுமினுப்பைப் பார்த்துக்கொண்டே நிறம் கலக்கலாம். என் கணினியில் ஒரு பழுப்பு நிறத்துக்கு 'தொதல்' என்றே பெயர் வைத்திருக்கிறேன். அங்கே இருக்கிற காக்கா, அதாவது அண்ணன், ஒருவர் வளைகுடாவில் இருபது வருடம் கடைப் பலகைகள் எழுதியவர், தமிழ் எழுத்தும் அரபு எழுத்தும் ஒரே பலகையில் எப்படி ஒன்றையொன்று நசுக்காமல் நிற்கும் என்று அவரிடம்தான் கேட்டுக்கொண்டேன்.

ராமநாதபுரத்தில் அரண்மனைப் பக்கம். கணினியில் நீண்ட நேரம் வேலை இருக்கிற நாளில் எனக்கு அதுதான் இடம். டபரா செட்டில் ஃபில்டர் காப்பி கிடைக்கும், மின்விசிறிக்கு அடியில் இடம் கிடைக்கும், பதினொன்றிலிருந்து பன்னிரண்டரை வரை கூட்டமும் இருக்காது. அப்புறம் நடந்து போகிற தூரத்தில் ராமலிங்க விலாசம் இருக்கிறது. கிழவன் சேதுபதி காலத்தில் எழுந்த மண்டபம், சுவர் ஓவியங்கள் 1713 முதல் 1725 வரை ஆண்ட முத்து விஜய ரகுநாத சேதுபதி காலத்தவை. தஞ்சை மராத்தியரோடு நடந்த போர் அதில் இருக்கிறது, ஐரோப்பியர்கள் சேதுபதியைச் சந்திக்கிற காட்சி இருக்கிறது, ராமாயணம் இருக்கிறது. வடிவமைப்பு படிக்கிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது, வேலையில் சிக்கிக்கொண்டால் ஒரு காப்பி குடித்துவிட்டு அங்கே போய் அரை மணி நேரம் நில்லுங்கள். ஒரே சுவரில் இத்தனை ஆட்களை நெருக்கி வைத்தும் ஒருவர் முகம்கூட மறையாமல் எப்படி அடுக்கியிருக்கிறார்கள் என்று பார்த்தாலே போதும்.

இங்கே மனசில் இருக்கிற ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நம் கடலோரத்தில் காப்பிக் கடை என்றால் பெரும்பாலும் ஆண்கள் நிற்கிற இடம். எனக்கு முதல் ஆறு மாதம் பழகவே இல்லை. பெண் ஒருத்தி தனியாக வந்து உட்கார்ந்தால் பார்சலா என்றுதான் கேட்பார்கள். ஃபேமிலி ரூம் இருக்கிறது என்று உள்ளே அனுப்பினால் அங்கே ஜன்னலே இருக்காது. ஒரு ஊரில், எந்த ஊர் என்று சொல்லவில்லை, நான் எழுந்து போகிறவரை கடைக்காரர் விளக்கைப் போட்டுப் போட்டு அணைத்தார். இன்றைக்கு நான் சொன்ன கடைகளில் அது இல்லை, அதனால்தான் சொல்கிறேன். மண்டபத்துக் கடையில் மீன் வாங்க வருகிற அக்காமார் எப்போதும் இருப்பார்கள், சாயல்குடியில் அடுப்பில் நிற்பதே ஒரு அம்மாதான். கடை வைத்திருக்கிறவர்கள் யாராவது கேட்டுக்கொண்டிருந்தால், வாசல் பக்கம், வெளிச்சம் விழுகிற இடத்தில் ஒரு மேசையைப் பெண்களும் உட்காருகிற மாதிரி போட்டுப் பாருங்கள். ஓவியம் படித்துவிட்டு வீட்டுக்குள்ளேயே வேலை பார்க்கிற எத்தனையோ தங்கச்சிமார் எனக்குத் தெரிந்தே இருக்கிறார்கள், கண்டிப்பாக வருவார்கள்.

பாம்பனைப் பற்றி வீடியோக்காரத் தம்பிகள்தான் பேச வேண்டும். 1914-இல் திறந்த பழைய ரயில் பாலம், 1988-இல் வந்த சாலைப் பாலம், 2025 ஏப்ரலில் திறந்த புதிய தூக்குப் பாலம், மூன்றும் ஒரே ஃப்ரேமில் விழுகிற கோணத்தைத் தேடி அவர்கள் அலைந்தார்கள். நடுவில் அந்தத் தூக்குப் பகுதி 72.5 மீட்டர், கப்பல் போகும்போது அப்படியே செங்குத்தாக மேலே ஏறும். எடுத்ததைக் கடையில் உட்கார்ந்துதான் வெட்டுவார்கள், பக்கத்தில் நிற்கிற மீனவர் "இது கச்சான் அடிக்கிற நாளு, நீ போட்ட பாட்டு வாடைக்கு உள்ளதுல்ல" என்று சொன்னதைக் கேட்டு ஒரு தம்பி பின்னணி இசையையே மாற்றினான். கச்சான் மேற்கிலிருந்து அடிக்கிற காற்று, வாடை வடக்கிலிருந்து வருவது. நான் பக்கத்தில் இருந்தேன்.

தனுஷ்கோடியில் ஓலைக் கொட்டகைக் கடைகள், பிளக் பாயிண்ட் எதிர்பார்க்காதீர்கள், மாலைக்குள் திரும்பச் சொல்லிவிடுவார்கள். போனில் இலங்கை நெட்வொர்க் வந்து வரவேற்புச் செய்தி விழும், டேட்டாவை அணைத்துவிடுங்கள். கொட்டகையில் ரேடியோ ஓடினால் அதுவும் பெரும்பாலும் அக்கரைத் தமிழாக இருக்கும். என் அம்மா இலங்கை வானொலி கேட்டு வளர்ந்தவர், அறிவிப்பாளர் ஒரு சொல்லை எங்கே நிறுத்துகிறார் என்பதை வைத்தே எனக்கு எழுத்து இடைவெளியை விளக்கியவர். அந்தக் குரல்களைக் கேட்டுக்கொண்டு தலைப்பு எழுத்து வரைவதற்கு அந்தக் கொட்டகையைப் போல இன்னொரு இடம் எனக்கு இல்லை.

அப்புறம், உட்காருகிறவர்கள் கடைக்காரரை நினைக்க வேண்டும். காலை ஏழிலிருந்து ஒன்பது வரை அது அவர்களுக்குப் பிழைப்பு நேரம், அப்போது மேசையைப் பிடிக்காதீர்கள். ஒரு மணி நேரத்துக்கு ஒரு காப்பியாவது சொல்லுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், 61 நாள், துறைமுகக் கடைகளில் வியாபாரம் படுத்துவிடும், பெஞ்சு எல்லாம் காலியாக இருக்கும். அந்த இரண்டு மாதம் நான் மண்டபத்துக்கு வாரத்தில் நாலு நாள் போவேன், நீங்களும் வாருங்கள். லேப்டாப்பைத் துணியில் சுற்றிக் கொண்டு வாருங்கள், உப்புக் காற்றில் சார்ஜர் செருகுகிற இடம் பச்சை பூத்துவிடும்.

சாயல்குடிப் பெரியவருக்கு அச்சான லேபிளில் ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கண்ணுக்குக் கிட்டத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "சுண்ணாம்பு இன்னுங் கொஞ்சம் தெரியலாம் தாயி" என்றார். அடுத்த பதிப்புக்கு அந்தக் கோட்டை அரைப் புள்ளி தடிமனாக்கி வைத்திருக்கிறேன், வருகிற வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகும் முன்னால் அந்தத் தகர மேசையில் ஒரு தடவை காட்ட வேண்டும்.

நன்றி, வணக்கம்.