யார் குத்தினாலும் அரிசியானால் சரியா?

நேயர்களுக்கு வணக்கம்.

கால்பந்து பற்றிப் பேசச் சொல்லி அழைத்திருக்கிறார்கள். நான் கோல், பெனால்டி பக்கம் அதிகம் போகப் போவதில்லை. ஒரு வீட்டுச் சண்டையைச் சொல்லப் போகிறேன். அப்பாவுக்கும் மகளுக்கும் சண்டை, தங்கள் ஊர்க் கால்பந்துக் கிளப்பை யார் வாங்கலாம் என்று. இடம், இங்கிலாந்தின் வடகிழக்கில் இருக்கும் நியூகாசில்.

வேலை நிமித்தமாக 2009-இல் அங்கே போய் இரண்டு வருடம் இருந்தேன். பக்கத்து வீட்டில் ஒரு பெரியவர், கப்பல் கட்டும் தளத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் என்னைக் கூப்பிட்ட அந்த ஊர்ச் சொல்லைத் தமிழில் 'தம்பி' என்றுதான் சொல்ல முடியும். போன முதல் வாரமே கேட்டார்: "தம்பி, மேட்ச் பார்க்க வருகிறாயா?"

அந்த ஊர் மைதானம், செயின்ட் ஜேம்ஸ் பார்க், நகரத்தின் நடுவிலேயே ஒரு மேட்டில் நிற்கிறது. 52 ஆயிரம் பேர் உட்காரலாம். நம் ஊரில் எந்தத் தெருவில் நின்றாலும் கோபுரம் தெரியும் என்போமே, அப்படித்தான். மேட்ச் நாளில் கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட சட்டையோடு குடும்பம் குடும்பமாக மேடேறிப் போவார்கள். நான் போன வருடம் அந்த அணி இரண்டாம் பிரிவுக்கு இறங்கியிருந்தது. அப்போதும் கூட்டம் பெரிதாகக் குறையவில்லை. கீழே இறங்கிய அணியைப் பார்க்க இத்தனை பேர் போகிறார்களே என்று எனக்கு வியப்பாக இருந்தது.

அப்போது கிளப்பின் முதலாளி மைக் ஆஷ்லி. விளையாட்டுப் பொருள் கடைகள் நடத்துகிறவர், இங்கிலாந்துக்காரர். 2007-இல் வாங்கினார். ஊரே அவரை வெறுத்தது. அணிக்குப் பணம் செலவழிப்பதில்லை, மைதானம் முழுக்கத் தன் கடை விளம்பரம் என்று குறை. 2011-இல் மைதானத்தின் பெயரையே கடையின் பெயருக்கு மாற்றினார். அடுத்த வருடம் கடன் கொடுக்கும் நிறுவனம் ஒன்று விளம்பரதாரராக வந்துதான் பழைய பெயரைத் திருப்பிக் கொடுத்தது. ஒரு கோவிலின் பெயர்ப்பலகையில் மளிகைக் கடைப் பெயரை எழுதினால் நமக்கு எப்படி இருக்கும்? பெரியவர் அந்தப் பெயரை ஒருநாளும் வாயால் சொன்னதில்லை.

அப்புறம் 2021 அக்டோபர் 7 வந்தது. ஆஷ்லி கிளப்பை விற்றுவிட்டார். விலை சுமார் 30.5 கோடி பவுண்டு. 80 சதவீதத்தை வாங்கியது சவூதி அரேபிய அரசின் பொது முதலீட்டு நிதியம். அதன் தலைவர் பட்டத்து இளவரசர் முகம்மது பின் சல்மான். சரி, அரசாங்கமே கிளப்பை வாங்கலாமா என்று கேட்டபோது, சவூதி அரசு கிளப்பைக் கட்டுப்படுத்தாது என்று சட்டப்படி செல்லும் உறுதிமொழி வாங்கிவிட்டோம் என்றது, இங்கிலாந்தின் முதல் பிரிவுப் போட்டிகளை நடத்தும் பிரீமியர் லீக். முந்தைய வருடம் இந்தப் பேரம் இழுபறியானபோது, இளவரசரே பிரிட்டிஷ் பிரதமருக்குச் செய்தி அனுப்பி முறையிட்டது பின்னால் வெளிவந்தது. அரசுக்குச் சம்பந்தமில்லாத பேரத்துக்கு இளவரசர் ஏன் தூது விட வேண்டும் என்று நானும் யோசித்தேன். 2023-இல் அமெரிக்காவில் கோல்ஃப் வழக்கு ஒன்றில் இதே நிதியம், நாங்கள் சவூதி அரசின் அங்கம், நிதியத்தை நடத்தும் எங்கள் ஆளுநர் பதவியிலிருக்கும் அமைச்சர், எங்களை விசாரிக்க முடியாது என்று வாதிட்டது. அந்த ஆளுநர்தான் நியூகாசில் கிளப்பின் தலைவர்.

விற்பனை நடந்த அன்று மைதான வாசலில் ஆயிரக்கணக்கானோர் ஆடிப்பாடினார்கள். சிலர் கையில் சவூதிக் கொடி. சிலர் சமையலறைத் துண்டை அரபுத் தலைப்பாகை போலக் கட்டியிருந்தார்கள். ரசிகர் சங்கம் நடத்திய வாக்கெடுப்பில் 90 சதவீதத்துக்கும் மேல் இந்த விற்பனை வேண்டும் என்றார்கள்.

அன்று நான் பெரியவருக்குப் போன் செய்தேன். குழந்தை மாதிரி சிரித்தார். "மகள் எப்படி?" என்று கேட்டேன். சற்று நேரம் பேச்சில்லை. பிறகு சொன்னார்: "சீசன் டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்."

அந்தப் பெண் பள்ளி ஆசிரியை. ஏழு வயதிலிருந்து அப்பாவின் பக்கத்து இருக்கை அவளுடையது. அவள் சொன்ன காரணம் ஒரே ஒரு பெயர்: ஜமால் கஷோகி. 2018 அக்டோபர் 2-ஆம் தேதி, திருமணத்துக்கான சான்றிதழ் வாங்க இஸ்தான்புல்லில் உள்ள சவூதித் துணைத் தூதரகத்துக்குள் போன பத்திரிகையாளர். வாசலில் காத்திருந்த வருங்கால மனைவியிடம் அவர் திரும்பி வரவேயில்லை. உள்ளேயே கொல்லப்பட்டார். இளவரசரின் ஒப்புதலோடுதான் அது நடந்தது என்று அமெரிக்க உளவுத்துறை மதிப்பிட்டது. இளவரசர் மறுக்கிறார். இந்த விற்பனையைத் தடுங்கள் என்று கஷோகியின் அந்த வருங்கால மனைவியே பிரீமியர் லீக்குக்கு வேண்டுகோள் விடுத்தார்.

அப்பாவின் பதில்கள் லேசானவை என்று நினைத்துவிடாதீர்கள். "எங்கள் அரசாங்கம் சவூதிக்குப் போர் விமானம் விற்கிறது. உபர் கம்பெனியில் இதே நிதியத்தின் பணம் இருக்கிறது. நீ உபரில் போகிறாய். எல்லாப் பாவத்தையும் கறுப்பு வெள்ளைச் சட்டை போட்ட கிழவன்தான் சுமக்க வேண்டுமா? என்னிடம் யாராவது கேட்டா விற்றார்கள்?"

எனக்கு இதற்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. நம்மில் எத்தனை வீட்டு அடுப்பு ரியாத், தம்மாம் சம்பளத்தில் எரிகிறது! என் சித்தப்பா பதினாறு வருடம் அங்கே வேலை பார்த்துத்தான் இரண்டு பெண்களைக் கட்டிக்கொடுத்தார். ஆகவே எட்டத்தில் நின்று அந்தக் கிழவருக்கு உபதேசம் செய்யும் தகுதி எனக்கில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 'வெளிநாட்டுக்காரன்' வாங்குவதுதான் தப்பு என்பார்கள்; அந்தச் சொல்லே இங்கே நம்மை வழிதவற வைக்கிறது. பிளாக்பர்ன் என்று ஒரு ஊர். அதன் கிளப்புக்கு ஜாக் வாக்கர் என்ற உள்ளூர் இரும்பு வியாபாரி பணத்தை வாரி இறைத்தார். 1995-இல் பிரீமியர் லீக் பட்டமே வந்தது. யாரும் அறம், தர்மம் என்று பேசவில்லை, நம்ம ஊர்க்காரர் என்று சிலை வைத்தார்கள். அவரோ வரிக்குப் பயந்து ஜெர்சி தீவில் குடியிருந்தவர். அந்தப் பட்டம் வாங்கித் தந்த ஆலன் ஷியரரை மறுவருடமே 1.5 கோடி பவுண்டுக்கு, அன்றைய உலக சாதனை விலைக்கு, நியூகாசில் வாங்கியது. அது யார் பணம்? கடைவளாகம் கட்டிப் பணக்காரரான ஜான் ஹால் என்ற உள்ளூர்க்காரர் தூக்கிவிட்ட கிளப் அது.

அதே பிளாக்பர்னை 2010-இல் வாங்கியது யார் தெரியுமா? நம் கடைகளில் கோழிக்கறி விற்கும் புனேயின் வெங்கிஸ். அங்கே நாம்தான் வெளிநாட்டு முதலாளி! வந்த அடுத்த மாதமே பயிற்சியாளரை நீக்கினார்கள். 2012 மே மாதம் அணி இரண்டாம் பிரிவுக்கு இறங்கிய மேட்சில், ரசிகர் ஒருவர் கிளப் கொடியைப் போர்த்திய உயிர்க்கோழி ஒன்றை மைதானத்துக்குள் விட்டார். அந்தக் காட்சியைப் பார்த்து நான் சிரித்தேன், ஆனால் கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது. எந்த ஊர்ப் பணம் என்பதைவிட, அந்தப் பணம் எதற்காக வருகிறது என்பதுதான் கேள்வி. வாக்கருக்கு அது ஆசை. வெங்கிஸுக்கு விளம்பரமோ வியாபாரமோ. அமெரிக்கர்களுக்குப் பெரும்பாலும் லாபம். கிளேசர் குடும்பம் 2005-இல் மான்செஸ்டர் யுனைடெட்டை வாங்கியபோது, வாங்குவதற்குப் பட்ட கடனையே கிளப்பின் தலையில் கட்டியது. ஆத்திரப்பட்ட ரசிகர்கள் சிலர் வெளியேறி, எஃப்சி யுனைடெட் ஆஃப் மான்செஸ்டர் என்று சொந்தமாக ஒரு கிளப்பே தொடங்கிவிட்டார்கள்.

ஒரு அரசு எதற்காக வாங்குகிறது? கணக்குப் போட்டால் லாபம் தேறாது. அழுக்குத் துணியை விளையாட்டு என்னும் சோப்பைப் போட்டு வெளுக்கிறார்கள் என்று மகளின் கட்சிக்காரர்கள் சொல்கிறார்கள். அது பாதிதான் சரி என்பது என் எண்ணம். மீதிப் பாதியை நான் பார்த்தது 2022 மார்ச்சில்.

மார்ச் 10, வியாழக்கிழமை. உக்ரைன் போரை ஒட்டி, செல்சி கிளப்பின் ரஷ்ய முதலாளி ரோமன் அப்ரமோவிச்சின் சொத்துகளை பிரிட்டன் முடக்கியது. கிளப் கடை மூடல், புது டிக்கெட் விற்கத் தடை. மார்ச் 12, சனிக்கிழமை. சவூதியில் ஒரே நாளில் 81 பேருக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. மார்ச் 13, ஞாயிற்றுக்கிழமை. லண்டனில் மேட்ச். யாருக்கும் யாருக்கும்? செல்சிக்கும் நியூகாசிலுக்கும்! கதையில் எழுதினால் ரொம்பத்தான் இட்டுக்கட்டுகிறான் என்பார்கள்.

நான் அதை டிவியில் பார்த்தேன். செல்சி ரசிகர்கள் அப்ரமோவிச் பெயரைச் சொல்லிப் பாடினார்கள். பத்தொன்பது வருடம் சோறு போட்டவர், உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்கிறார்கள். நியூகாசில் ரசிகர்கள் திருப்பிப் பாடினார்கள்: உங்களைவிட நாங்கள் பணக்காரர்கள் என்று. முதல்நாள் உயிர்போன 81 பேரைப் பற்றி அந்த மைதானத்தில் பாட்டில்லை. ஆட்டம் முடிந்ததும் நியூகாசில் பயிற்சியாளர் எடி ஹவ்விடம் நிருபர்கள் அதைக் கேட்டார்கள். ஆட்டத்தைப் பற்றி மட்டும் பேசுகிறேன் என்றார். பாவம், பந்து சொல்லிக்கொடுக்க வந்த மனிதர் வெளியுறவு அமைச்சர் வேலையும் பார்க்க வேண்டியிருந்தது.

அன்று எனக்குப் பட்டது இதுதான். முப்பது கோடி பவுண்டுக்கு அவர்கள் வாங்கியது மைதானத்தையோ ஆட்டக்காரர்களையோ மட்டுமில்லை. லட்சக்கணக்கான வாய்களை வாங்கினார்கள். வாயை அடைப்பது பழைய வழி. இது வாயை வாடகைக்கு எடுப்பது. முதல் நாள் வரை சவூதி எங்கே இருக்கிறது என்று அக்கறைப்படாத ஒருவர், மறுநாள் காலையில் அதன் வழக்கறிஞராகிவிடுகிறார். யாரும் அவருக்குச் சம்பளம் தரவில்லை. தன் அணியை யாரோ திட்டுகிறார்கள் என்ற ரோஷமே போதும். கறை போவதைவிட இது பெரிய லாபம்.

பெரியவரிடம் இதைச் சொன்னேன். கிளப்பை விடச் சொல்லவில்லை ஐயா, அவர்களுக்காக நீங்கள் பதில் சொல்வதை மட்டும் விடுங்கள் என்றேன். கோபித்துக்கொண்டு போனை வைத்துவிட்டார். ஒரு மாதம் பேசவில்லை.

நியாயமாகப் பார்த்தால் அவர் கோபத்திலும் ஒரு நியாயம் இருந்தது. நியூகாசில் ரசிகர்களைத் திட்டியவர்கள் எல்லோரும் யோக்கியமா? கிரிஸ்டல் பேலஸ் என்ற லண்டன் கிளப்பின் ரசிகர்கள் வாளேந்திய அரபு உருவம் வரைந்த பெரிய பதாகையைத் தூக்கினார்கள். கண்டனமா, அரபியரைக் கேலி செய்வதா என்று பிரித்துச் சொல்ல முடியாதபடி இருந்தது அது. போலீஸ் விசாரித்து, குற்றமில்லை என்று விட்டுவிட்டது.

மகள் சும்மா இருக்கவில்லை. இந்த விற்பனையை எதிர்க்கும் நியூகாசில் ரசிகர்களின் சின்னக் குழு ஒன்றில் சேர்ந்தாள். 2022 ஆகஸ்டில், லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்துகொண்டிருந்த சவூதிப் பெண் ஒருவருக்கு ட்விட்டரில் எழுதியதற்காக 34 வருடச் சிறை என்று செய்தி வந்தது. பிறகு குறைத்தார்கள். லீட்ஸ் அவர்கள் ஊரிலிருந்து ரயிலில் ஒன்றரை மணி நேரம். 2023 செப்டம்பரில் சவூதி தேசிய அணியே செயின்ட் ஜேம்ஸ் பார்க்கில் வந்து இரண்டு மேட்ச் ஆடியபோது, அவர்கள் குழு வாசலில் நின்றது. கூட்டம் என்று சொல்ல முடியாத எண்ணிக்கை. போகிறவர்கள் வருகிறவர்கள் திட்டியதாகச் சொன்னாள்.

ஜெர்மனியில் இந்தச் சண்டைக்கே அதிக இடமில்லை. அங்கே சில விதிவிலக்குகள் தவிர, கிளப்பின் வாக்குரிமையில் பாதிக்கு மேல் உறுப்பினர்களான ரசிகர்களிடம்தான் இருக்க வேண்டும். லீக்கில் வெளி முதலீடு சேர்க்க முயன்றபோது, ரசிகர்கள் டென்னிஸ் பந்துகளை மைதானத்துக்குள் வீசி வீசி ஆட்டத்தை நிறுத்தினார்கள். 2024 பிப்ரவரியில் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. இங்கிலாந்திலும் 2025-இல் கால்பந்துக்கென்று ஒரு கண்காணிப்பு அமைப்பைச் சட்டம் போட்டு உருவாக்கியிருக்கிறார்கள். ஏற்கெனவே விற்று முடிந்த வீட்டுக்குப் பூட்டு!

சரி, சண்டைக்கு வருவோம். 2025 மார்ச் 16. லண்டன் வெம்பிளியில் லீக் கோப்பை இறுதி ஆட்டம், எதிரணி லிவர்பூல். நமக்கு இரவு பத்து மணி. நியூகாசில் உள்நாட்டில் பெரிய கோப்பை வென்று 70 வருடம் ஆகியிருந்தது. பெரியவர் கைக்குழந்தையாக இருந்தபோது வென்றது. டான் பர்ன், அந்தப் பக்கத்துப் பையன், சிறுவனாக இருந்தபோது இதே கிளப் வேண்டாமென்று அனுப்பிவிட்டவன், தலையால் முட்டி முதல் கோல் போட்டான். இசாக் இரண்டாவது. 2-1. இவ்வளவு பேசும் நானும் அந்த இரவில் எழுந்து நின்று கத்தினேன், மனைவி எழுந்து வந்து திட்டினாள்.

இரண்டு வாரம் கழித்துக் கோப்பை ஊர்வலம். டவுன் மூர் என்ற பெரிய புல்வெளியில் ஊரே கூடியது. அன்றிரவு பெரியவரே கூப்பிட்டார். மகளும் வந்தாளாம். சவூதிக் கம்பெனிப் பெயர் போட்ட இப்போதைய சட்டையை அவள் போடவில்லை. பரணிலிருந்து ஷியரர் காலத்துச் சட்டையை எடுத்துப் போட்டிருந்தாள். நெஞ்சில் நியூகாசில் பிரவுன் ஏல் விளம்பரம், நீல நட்சத்திரம்.

"நம்ம ஊர் பீர் என்று பெருமையாகப் போட்டு வந்தாள் தம்பி," என்றார். "அந்தக் கம்பெனியை 2008-இல் நெதர்லாந்துக்காரன் வாங்கிவிட்டான். இப்போது இந்த ஊரில் அதைக் காய்ச்சுவதுகூட இல்லை. அவளிடம் சொல்லலாம் என்று வாயெடுத்தேன்."

"சொன்னீர்களா?"

"இல்லை. பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாளே."

நேயர்களுக்கு நன்றி. வணக்கம்.