மசக்கையும் மூஞ்சூறும்

தருமபுரி வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

சித்தேரி மலைக்குப் போகிற பஸ்ஸில் ஜன்னலோரத்துக்கு ஏன் அவ்வளவு போட்டி என்று நான் சொல்ல வேண்டியதில்லை. வளைவு ஏற ஏற ஒருவருக்கு ஓங்கரிக்கும். அதைப் பார்த்தே அடுத்தவருக்கும் குமட்டும். உடனே யாராவது வாந்தியை நிறுத்துகிற ஒண்டான்செட்ரான் மாத்திரை ஒன்றை நீட்டுவார்கள். பஸ் வாந்திக்கு அது அவ்வளவாகக் கேட்காது.

வாந்தி எடுக்க உத்தரவு போடுவது மூளையின் அடித்தண்டு. ஆனால் அங்கே சேதி போய்ச் சேர வழிகள் பல. பஸ்ஸில் காதுக்குள் இருக்கிற சமநிலை உறுப்பு ஒன்று சொல்கிறது, கண் வேறொன்று சொல்கிறது. அந்த முரண்தான் காரணம் என்பது பெரும்பாலோர் ஏற்ற கருத்து. இதற்கு மெக்லிசின் போன்ற மாத்திரையை ஒரு மணி நேரம் முன்பே போட வேண்டும். ஸ்கோபலமைன் என்றொரு மருந்தும் உண்டு. நம் வேலியோர ஊமத்தையில் இருக்கிற அதே சரக்கு. அதற்காக ஊமத்தையைத் தொட்டுவிடாதீர்கள், ஆளையே கொல்லும்.

ஒண்டான்செட்ரான் பிறந்த கதை வேறு. சிஸ்பிளாட்டின் என்ற புற்றுநோய் மருந்து 1978-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதை ஏற்றினால் அநேகமாக எல்லோருமே வாந்தி எடுத்தார்கள். குடல் சுவரிலிருந்து செரட்டோனின் என்ற ரசாயனம் கிளம்பி, வயிற்றிலிருந்து மூளைக்குச் சேதி கொண்டுபோகிற வேகஸ் நரம்பைத் தூண்டுகிறது என்று பிறகு தெரிந்தது. அந்த வழியை அடைக்கிற ஒண்டான்செட்ரானுக்கு 1991-ல் அங்கே அனுமதி கிடைத்தது.

இந்த ஆராய்ச்சியில் ஒரு வேடிக்கை. எலிக்கு வாந்தி எடுக்க வராது. எலி மருந்து பலிப்பதற்கு அதுவும் ஒரு காரணம். ஆகவே ஆய்வுக்கூடத்து எலி இங்கே உதவவில்லை. 1980-களில் ஜப்பானிய ஆய்வாளர்கள் பிடித்த பிராணி மூஞ்சூறு. நம் வீட்டுச் சுவரோரம் கீச்சிட்டு ஓடுமே, அதேதான். முன்னும் பின்னும் ஆட்டினால் போதும், அது வாந்தி எடுத்துவிடும்.

இனி மசக்கைக்கு வருகிறேன். கர்ப்பிணிகளில் பத்தில் ஏழெட்டுப் பேருக்குக் குமட்டல் உண்டு. நூற்றில் ஒன்றிரண்டு பேரை அது படுக்கையில் தள்ளிவிடும். களி கிண்டுகிற வாசம்கூட ஆகாது, தண்ணீர்கூட நிற்காது. “நாங்கல்லாம் புள்ள பெக்கலையா, நீ மட்டும் என்ன அதிசயமா?” என்று வீட்டில் ஒரு பேச்சு வரும். அந்தப் பேச்சுக்கு இனி இடமில்லை. ஜிடிஎஃப்15 என்ற ஹார்மோன்தான் பெரும் காரணம் என்று 2023 டிசம்பரில் ஆய்வு வெளியானது. மார்லினா ஃபெய்சோ, ஸ்டீஃபன் ஓராஹிலி என்ற ஆய்வாளர்களின் குழு செய்தது. கர்ப்ப காலத்தில் அந்த ஹார்மோன் பெரும்பாலும் சிசுவின் பக்கத்திலிருந்து வருகிறது. கருத்தரிக்கும் முன் தாயின் ரத்தத்தில் அது குறைவாக இருந்தால், திடீரென ஏறும்போது உடல் தாங்குவதில்லை. ஏற்கெனவே பழகிய உடலுக்குத் தொல்லை குறைவு. பீட்டா தலசீமியா என்ற பரம்பரை ரத்தக் கோளாறு உள்ள பெண்களுக்கு எப்போதும் இந்த ஹார்மோன் அதிகம். அவர்களுக்கு மசக்கை மிகக் குறைவு என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது. நம் பக்கத்திலும் தலசீமியா உள்ள குடும்பங்கள் உண்டு என்பதால் எனக்கு இதில் தனி அக்கறை.

சர்க்கரை நோய்க்குத் தருகிற மெட்ஃபார்மின் இந்த ஹார்மோனைக் கூட்டும். கருத்தரிக்கும் முன்பே அதைக் கொடுத்து உடலைப் பழக்கலாமா என்ற கேள்வி ஆய்வில் இருக்கிறது. நீங்களாக வாங்கிப் போட்டுவிடாதீர்கள். இப்போது கைவசம் இருப்பது வைட்டமின் பி6-உம் டாக்சிலமைனும் சேர்ந்த மாத்திரை. டாக்டரிடம் கேட்டு வாங்குங்கள். இஞ்சியும் லேசான குமட்டலுக்கு ஓரளவு உதவும்.

ஒரு நாள் முழுக்க எதுவும் நிற்கவில்லை, சிறுநீர் குறைந்து கருத்துப் போகிறது, எடை இறங்குகிறது என்றால் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். போனதும் “ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்துங்க” என்று கேட்காதீர்கள். பல நாள் வாந்தியில் வைட்டமின் பி1 வற்றியிருக்கும். அந்த நிலையில் வெறும் குளுக்கோஸ் ஏறினால் மூளையே பாதிக்கப்படலாம். எத்தனை நாளாக வாந்தி என்பதை முதலிலேயே சொல்லுங்கள். தயமின் என்கிற அந்த பி1 ஊசியை முன்னால் போட்டுவிட்டு மற்றதை ஏற்றுவார்கள்.

நன்றி, வணக்கம்.