சுவரில் தெறித்த செம்மண்

எல்லோருக்கும் வணக்கம். மழை விட்டதும் வெள்ளையடித்த வீட்டுச் சுவரின் அடிப்பக்கத்தைப் பார்த்திருப்பீர்கள். முழங்கால் உயரத்துக்குச் செம்மண் புள்ளி புள்ளியாக அப்பியிருக்கும். ஓடுகிற தண்ணீர் அவ்வளவு உயரம் ஏறாது. மேலிருந்து விழுந்த துளி அடித்த அடியில் தெறித்த மண் அது. மண் அரிப்பு என்றதும் நமக்கு வெள்ளம்தான் ஞாபகம் வருகிறது. ஆனால் மண்ணைப் பெயர்த்துக் கொடுப்பது துளி. வெள்ளம் அதைச் சுமந்துகொண்டு போகிறது, அவ்வளவுதான்.

தூறலின் துளி 1 மி.மீ. குறுக்களவு, நொடிக்கு 4 மீட்டர் வேகம் என்று வையுங்கள். கோடைமழையின் கொழுத்த துளி 5 மி.மீ., 9 மீட்டர் வேகம். எடை 125 மடங்கு. வேகத்தின் வர்க்கத்தையும் அதோடு பெருக்கினால் அடியின் ஆற்றல் 600 மடங்கைத் தாண்டிவிடும்!

அதனால் ஆண்டு மழையளவை மட்டும் வைத்துக்கொண்டு பேசுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. லண்டனில் ஒரு வருடம் முழுக்கப் பெய்வது ஏறக்குறைய 600 மி.மீ. நீலகிரி அவலாஞ்சியில் 2019 ஆகஸ்டில் ஒரே நாளில் 800 மி.மீட்டருக்கு மேல் கொட்டியது. மணிக்கு 25 மி.மீட்டருக்குக் குறைவாகப் பெய்யும் மழை மண்ணை அதிகம் அசைப்பதில்லை என்று நார்மன் ஹட்சன் என்ற ஆய்வாளர் கண்டார். அந்த அளவைத் தாண்டும் மழை மிதவெப்ப நாடுகளில் 5 சதவீதம், வெப்பமண்டலத்தில் 40 சதவீதம் என்பது அவர் கணக்கு.

அவர் செய்த ஒரு சோதனை எனக்கு ரொம்பப் பிடிக்கும். அன்றைய ரொடீசியாவில், அதாவது இன்றைய ஜிம்பாப்வேயில், அருகருகே இரண்டு வெற்று நிலங்கள். இரண்டிலும் புல் பூண்டு கிடையாது. ஒன்றின் மேலே மட்டும் கொசுவலை கட்டினார். வலை மழையைத் தடுக்கவில்லை. துளியைச் சிதறடித்து மெல்ல இறக்கியது. பல ஆண்டுகள் அளந்து பார்த்தபோது, வலையில்லாத நிலம் நூறு மடங்குக்கும் அதிகமாக மண்ணை இழந்திருந்தது.

சரி, அப்படியானால் மரம் நட்டால் போதுமா? தேக்கந்தோப்புக்குப் போய்ப் பாருங்கள். அகன்ற இலையில் சிறு துளிகள் சேர்ந்து பெருந்துளியாகிச் சொட்டும். பத்து மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால் அதற்கு முழு வேகமும் வந்துவிடும். கீழே சருகை எரித்துவிட்டிருந்தால், திறந்தவெளியைவிட அங்கே மண்ணுக்கு அடி அதிகம். காப்பாற்றுவது தரையை ஒட்டிக் கிடக்கும் சருகும் புல்லும்தான். (மலைச்சரிவு இதில் சேராது. அது ஆழத்து மண் ஊறிக் கனத்துச் சரிவது, காட்டிலும் நடக்கும்.)

நீலகிரியில் உருளைக்கிழங்கின் கார்போகம் ஏப்ரல், மே மாதங்களில் தொடங்குகிறது. நிலத்தைக் கொத்திப் புழுதியாக்கி வைத்திருக்கும் நேரம். செடி இன்னும் தரையை மூடியிருக்காது. சரியாக அப்போதுதான் கோடைமழை இடியோடு வருகிறது. போதாததற்குப் பாத்திகள் சரிவை ஒட்டி மேலிருந்து கீழாக ஓடும். விவசாயியைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தண்ணீர் தேங்கினால் கிழங்கு அழுகும், நட்டம் அவருக்கு. பாத்தியைச் சரிவுக்குக் குறுக்கே, லேசான வாட்டத்தோடு போட்டால் தண்ணீரும் வடியும், மண்ணும் நிற்கும். ஆனால் அப்படிப் பாத்தி பிடிக்கக் கூலி கூடும். அந்தக் கூலியை அவர் ஒருவரே கொடுக்க வேண்டும் என்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. அவர் நிலத்து மண் பவானியில் இறங்கி, கோவைக்குக் குடிநீர் தரும் பில்லூர் அணையில் வண்டலாகப் படிகிறது.