ஆர்க்கமில் யாருக்குப் பித்து?

நடுவர் அவர்களே, வணக்கம். கிராண்ட் மாரிசன் எழுத, டேவ் மெக்கீன் வரைந்து 1989இல் வந்த 'ஆர்க்கம் அசைலம்' என்ற பேட்மேன் படக்கதையை முன்வைத்து, பித்து முற்றியது அந்த மனநலக் காப்பகத்தில் அடைபட்டவர்களுக்கா, அடைத்தவர்களுக்கா என்று கேட்டிருக்கிறீர்கள். அடைத்தவர்களுக்கே என்பது எங்கள் கட்சி.

எதிரணி அம்மையார் பேட்மேனின் பரம எதிரியான ஜோக்கரை விட்டு நகரவே இல்லை. சரி, ஏப்ரல் முதல் தேதி அந்தக் காப்பகத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு பேட்மேனை உள்ளே கூப்பிடுகிறவன் அவன்தான். ஆனால் நோயாளிகளை அவிழ்த்துவிட்டது யார்? அந்த இடத்தை நடத்துகிற டாக்டர் கேவண்டிஷ்! அம்மையார் அந்தப் பக்கம் வரைக்கும் புரட்டவில்லை போலிருக்கிறது.

காப்பகத்தை நிறுவிய அமேடியஸ் ஆர்க்கம் என்ன செய்தார்? தன் மனைவியையும் மகளையும் கொன்றவனுக்கு மாதக்கணக்கில் சிகிச்சை கொடுத்துவிட்டு, மின்னதிர்ச்சிப் படுக்கையில் கட்டிப்போட்டுப் பொசுக்கினார். விபத்து என்று விட்டுவிட்டார்கள்.

ஜோக்கரின் பேச்சை எழுதிய எழுத்து சிவப்புக் கிறுக்கலாக இருக்கிறதாம், அதுவே பித்தாம். ஐயா, பேட்மேனைப் பாருங்கள். முகமே தெளிவாகத் தெரியாத கரிய நிழலாகத்தான் வரைந்திருக்கிறார் மெக்கீன். உள்ளே போனால் சொந்த வீட்டுக்கு வந்ததுபோல் இருந்துவிடுமோ என்று போலீஸ் கமிஷனர் கார்டனிடம் சொல்லிப் பயப்படுகிறவரும் அவர்தான். போன இடத்தில் கண்ணாடிச் சில்லைத் தன் உள்ளங்கையிலேயே குத்திக்கொள்கிறார். ஜோக்கரைப் பிடித்து வந்து அடைத்தவர் இவர்!

அப்புறம் அங்கே அடைபட்ட டூ-ஃபேஸ் கதை. இவர் முன்னாள் அரசு வழக்கறிஞர் ஹார்வி டென்ட். ஒரு பக்கம் கீறப்பட்ட நாணயத்தைச் சுண்டித்தான் எதையும் முடிவு செய்வார். இரண்டே வழி போதாது என்று காப்பகத்து டாக்டர் ரூத் ஆடம்ஸ் நாணயத்தை வாங்கிக்கொண்டு பகடையைக் கொடுக்கிறார், ஆறு வழி. பிறகு குறி பார்க்கும் டாரட் சீட்டுக்கட்டு, 78 வழி. முன்னேற்றமாம்! மனிதர் கழிப்பறைக்குப் போகலாமா என்று சீட்டைக் கலைத்துப் பார்ப்பதற்குள் உடையிலேயே போய்விடுகிறது. பேட்மேன் கேட்டால், திருப்பிக் கட்டுவதற்குச் சில நேரம் இடிக்கத்தான் வேண்டும் என்கிறார் டாக்டர். இடித்தது கண்ணுக்குத் தெரிகிறது, கட்டியது எங்கே?

கடைசியில் பேட்மேன் அந்த நாணயத்தைத் திருப்பிக் கொடுக்கிறார். கீறல் பக்கம் விழுந்தால் பேட்மேனுக்குச் சாவு, மறுபக்கம் விழுந்தால் விடுதலை. டென்ட் சுண்டுகிறார், விடுதலை என்கிறார். எல்லாரும் போன பிறகுதான் நமக்குக் காட்டுகிறார்கள், விழுந்தது கீறல் பக்கம். நாணயத்தை மீறி அவராகவே எடுத்த முடிவு அது. இந்த மனிதரையும் பித்தர் கணக்கில்தான் சேர்ப்பீர்களா, அம்மையாரே?