ஸ்பிட்ஃபயரின் வேகம் பெட்ரோலிலும் இருந்தது

நண்பர்களே, 1940-இல் நடந்த பிரிட்டன் வான்போர் என்றாலே எல்லோரும் பிரிட்டனின் போர்விமானமான ஸ்பிட்ஃபயரின் இறக்கையைப் பற்றித்தான் பேசுகிறார்கள். அழகான இறக்கைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த வருடம் அதே விமானம், அதே 27 லிட்டர் மெர்லின் எஞ்சினோடு, கடல்மட்டத்தை ஒட்டி மணிக்குச் சுமார் 40 கிலோமீட்டர் கூடுதல் வேகத்தில் பறந்ததே, அதற்குக் காரணம் டாங்கியில் ஊற்றிய பெட்ரோல்.

சூப்பர்சார்ஜர் காற்றை அழுத்தி சிலிண்டருக்குள் திணிக்கிறது. கடல்மட்டக் காற்றழுத்தம் சதுர அங்குலத்துக்கு 14.7 பவுண்டு, அதற்கு மேல் எவ்வளவு என்பதுதான் பூஸ்ட். அந்த அழுத்தத்தைப் பெட்ரோல் எவ்வளவு தாங்கும் என்பதைக் காட்டும் எண்தான் ஆக்டேன்; 87 ஆக்டேன் பெட்ரோலில் 6¼ பவுண்டுதான் எல்லை. அதைத் தாண்டினால் கலவை சீராக எரியாமல் படாரென்று வெடிக்கும், நம் மெக்கானிக்குகள் நாக்கிங் என்பார்களே அதுதான், பிஸ்டனே ஓட்டையாகிவிடும். அதனால் கீழே பறக்கும்போது சூப்பர்சார்ஜருக்குத் திறன் மிச்சமிருந்தும் த்ராட்டிலை, அதாவது எஞ்சினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் வால்வை, முழுக்கத் திறக்க முடியாது. 100 ஆக்டேன் வந்ததும் அவசரத்துக்கு, அதுவும் 5 நிமிடம், 12 பவுண்டு வரை போகலாம் என்றார்கள்.

சரி, பூஸ்ட் இரட்டிப்பானால் வேகமும் இரட்டிப்பாகுமா? ஆகாது. மொத்த அழுத்தம் 21-லிருந்து 26.7 ஆகிறது, அதாவது சக்தி கால்வாசிக்குக் கொஞ்சம் மேல் கூடுகிறது. காற்றின் தடையை எதிர்க்கத் தேவையான சக்தி வேகத்தின் கனத்தில் (வேகம் × வேகம் × வேகம்) ஏறுவதால் கையில் கிடைப்பது 8 சதவீத வேகம்தான். மணிக்கு 455 கிலோமீட்டரில் பறந்த விமானத்துக்கு 8 சதவீதம் போட்டுப் பாருங்கள், முதலில் சொன்ன 40-ஐ ஒட்டித்தான் வரும். ஜெர்மனியின் போர்விமானமான மெஸ்ஸர்ஷ்மிட் 109 பின்னால் துரத்தும்போது அந்த 40 சாதாரணமில்லை, உயிர்.

ஆனால் 18,000 அடிக்கு மேல் இதனால் பயனே இல்லை. அங்கே காற்று மெலிந்துவிடுவதால் த்ராட்டிலை முழுக்கத் திறந்தாலும் பழைய 6¼ கூட நிற்காது. ஸ்பிட்ஃபயரின் உச்சவேகம் அந்த உயரத்தில் எடுத்த அளவு என்பதால், அட்டவணையை மட்டும் பார்ப்பவர்களுக்கு இந்த மாற்றமே கண்ணில் படாது. எனக்கு அது பெரிய வருத்தம்.

அப்புறம் 1944-இல் ஜெர்மனியின் ஆளில்லா வி-1 பறக்கும் குண்டுகள் லண்டனை நோக்கி வந்தன. சுமார் 640 கிலோமீட்டர் வேகம், பெரும்பாலும் 3,000 அடி அளவில், அதாவது பூஸ்ட் முழுப்பலன் தரும் உயரத்தில். 100 ஆக்டேனை விடவும் அதிக அழுத்தம் தாங்கும் 150 கிரேடு பெட்ரோல் ஊற்றி மெர்லினை 25 பவுண்டு வரை ஏற்றி அவற்றைத் துரத்தினார்கள். அந்தப் பெட்ரோலில் இருந்த ஈயம் ஸ்பார்க் பிளக்குகளில் படிந்துகொண்டே இருந்தது, தரையில் இருந்த மெக்கானிக்குகள்தான் அவற்றோடு மல்லுக்கட்டினார்கள்.